வடித்தெடுத்த எரிபொருள்: டீசல் வாகனங்களில் தாவர எண்ணெய் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

எண்ணெயை எரிக்கக் கற்ற மனிதன், அதனை வடிக்கவும் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. கசடு கலந்த எண்ணெயை வார்த்தால் விளக்குப் புகையும், திரி கருகும், சுடர் நின்றெரியாது. செக்கிலிருந்து இறங்கிய எண்ணெயைச் சாடியில் ஊற்றிப் பல நாள் அசையாது வைத்து, மேலே தெளிந்ததை மெல்ல இறுத்து, அடியில் தங்கிய மண்டியைப் பிரித்தெடுக்கும் வழக்கம் தமிழர் இல்லங்களில் தலைமுறை தலைமுறையாக நிலவி வந்தது. சமையலுக்குரிய நல்லெண்ணெய்க்கும் தேங்காயெண்ணெய்க்கும், கோயில் விளக்குக்குரிய இலுப்பெண்ணெய்க்கும் இம்முறை பொதுவானது. அகல்விளக்கின் திரி வேண்டி நின்ற இத்தூய்மையையே பின்னாளில் டீசல் எஞ்சினும் வேண்டி நின்றது. ஆயின் அது வேண்டிய தூய்மையின் அளவு திரி வேண்டியதிலும் பன்மடங்கு நுண்ணியதாயிருந்தது.

தாவர எண்ணெய் டீசல் எஞ்சினில் எரியுமா என்னும் வினாவுக்கு 1900 ஆம் ஆண்டிலேயே விடை கிடைத்துவிட்டது. அவ்வெண்ணெயை வேண்டிய அளவுக்குத் தூய்மையாக்க இயலுமா, இயலுமெனின் யாரால் இயலும் என்பதே அதன் பின் வந்த காலத்தின் வினாவாயிற்று. இவ்வரலாற்றை எரிதலின் வரலாறாகக் காண்பதினும் வடித்தலின் வரலாறாகக் காண்பதே பொருத்தமுடையது என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்ட முற்படுகின்றது.

இதனை விளங்கிக்கொள்வதற்குக் கொழும்பிலுள்ள கிருலப்பனை ஏற்றதோர் இடமாகும். அவிசாவளை நோக்கிச் செல்லும் ஹைலெவல் வீதி அவ்வழியே செல்கின்றது. முன்னர் ஒடுங்கிய பாதையாக விளங்கிப் பின்னர் அகலப்பாதையாக மாற்றப்பட்ட களனிவெளிப் புகையிரதப் பாதையும் அவ்வூரை ஊடறுக்கின்றது. கிருலப்பனைக் கால்வாயோ வெள்ளவத்தைக் கால்வாயுடனும் தெகிவளைக் கால்வாயுடனும் தொடர்புற்றுக் கடலை நாடுகின்றது. வீதியிலும் தண்டவாளத்திலும் டீசல் ஓடுகின்றது. உணவுக்கடைகளின் வாணலிகளிலிருந்து வடிகானுக்குச் செல்லும் பழைய எண்ணெய் கால்வாயை அடைகின்றது. முன்னையது கடல் கடந்து வரும் பொருள்; பின்னையது கடலுக்குச் செல்லும் கழிவு. இவ்விரண்டையும் இணைக்க முயன்றோரின் கதையே இங்கு ஆராயப்படுவது.

பாரிஸ் கண்காட்சியும் பிரசல்ஸ் பஸ்ஸும்

ஜேர்மன் பொறியியலாளரான ருடோல்ப் டீசல் தமது எஞ்சினுக்கான காப்புரிமையை 1893 இல் பெற்றார். 1897 இல் அவ்வெஞ்சின் ஆக்ஸ்பேர்க் நகரில் வெற்றியுடன் இயங்கிக் காட்டியது. 1900 ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் நடைபெற்ற உலகக் கண்காட்சியில், ஒட்டோ நிறுவனத்தின் சிறிய டீசல் எஞ்சின் ஒன்று நிலக்கடலை எண்ணெயில் ஓடியது. பிரெஞ்சு அரசாங்கத்தின் வேண்டுகோளே இதற்குக் காரணமாகும். ஆபிரிக்கக் குடியேற்ற நாடுகளில் நிலக்கடலை மிகுதியாக விளைந்தமையால், அங்கு வேண்டிய எரிபொருளை அங்கேயே பெற இயலுமா என்பதை அவ்வரசு அறிய விரும்பியது. கண்காட்சிக்கு வந்தோருள் மிகச் சிலரே எரிபொருள் மாறியிருந்ததை உணர்ந்தனர் என்பர். தாவர எண்ணெய்கள் எதிர்காலத்தில் முக்கியத்துவம் பெறக்கூடும் என்னும் கருத்தை டீசல் 1912 இல் வெளியிட்டார். மறுவருடம் செப்டம்பர் 29 ஆம் நாள் இங்கிலாந்து நோக்கிச் சென்ற கப்பலிலிருந்து அவர் காணாமற் போனார்.

அன்றைய எஞ்சின் தாவர எண்ணெயை எளிதில் ஏற்றுக்கொண்டமைக்கு ஒரு காரணம் உண்டு. அது அழுத்தப்பட்ட காற்றின் துணையால் எரிபொருளை உருளைக்குள் ஊதிச் செலுத்தியது. அவ்வமைப்புப் பருமனானது, நிலையான இடத்தில் நின்று இயங்குவது. தடித்த எண்ணெயையும் ஓரளவு அழுக்கையும் அது பொறுத்துக்கொண்டது.

தாவர எண்ணெயின் தடிப்பே அதன் முதற் குறைபாடு என்பதை ஆய்வாளர் விரைவில் உணர்ந்தனர். 40 பாகை செல்சியசில் டீசலின் பாகுத்தன்மையை 3 எனக் கொண்டால், பெரும்பாலான தாவர எண்ணெய்களுடையது 30 ஐ அண்மியதாயிருக்கும். தடித்த எண்ணெய் நுண்துளிகளாகச் சிதறாது. சிதறாத எண்ணெய் முழுமையாக எரியாது. எரியாதது கரியாகப் படியும். இதற்குத் தீர்வு கண்டவர் பிரசல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சவான் என்னும் ஆய்வாளர். தாவர எண்ணெயை மதுசாரத்துடன் தாக்கமுறச் செய்து, தடித்த மூலக்கூறை உடைத்து, மெல்லிய எசுத்தராகவும் கிளிசரீனாகவும் பிரிக்கும் முறைக்கு 1937 ஆகஸ்டில் அவர் பெல்ஜியக் காப்புரிமை பெற்றார். 1938 இல் பிரசல்ஸ் நகருக்கும் லூவெயின் நகருக்கும் இடையே ஒரு பஸ் பாமெண்ணெய் எசுத்தரில் ஓடியது. இன்று பயோடீசல் எனப்படும் எரிபொருளின் தோற்றம் இதுவே. போருக்குப் பின்னர் மலிந்து கிடைத்த பெற்றோலியம் இம்முயற்சியைப் பல ஆண்டுகள் மறக்கச் செய்தது.

பம்பியின் வருகை

இதற்கிடையில் எஞ்சின் மாறிவிட்டது. 1927 இல் ஜேர்மனியின் பொஷ் நிறுவனம் உட்செலுத்தற் பம்பிகளைப் பெருமளவில் உற்பத்தி செய்யத் தொடங்கியது. இச்சிறிய பம்பியின் வரவாலேயே டீசல் எஞ்சின் ஆலையை விட்டு வெளியேறி லொறியிலும் பஸ்ஸிலும் ஏறியது. பம்பியின் உள்ளே ஓர் உருக்குத் தண்டு உருக்குக் குழலுள் மேலும் கீழும் அசைகின்றது. அவற்றிடையே அமைந்த இடைவெளி சில மைக்கிரோன் மட்டுமே. ஒரு மைக்கிரோன் என்பது ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. மனிதனின் தலைமயிர் ஏறத்தாழ 70 மைக்கிரோன் பருமனுடையது. கண்ணுக்குப் புலனாகாத மணற்றுகள் ஒன்று அவ்விடைவெளியிற் சிக்குமாயின் உருக்கைக் கீறிவிடும். மேலும், தண்டினை உராய்விலிருந்து காப்பதற்குத் தனியான மசகெண்ணெய் பல பம்பிகளில் இல்லை. ஊடே செல்லும் எரிபொருளே எரிபொருளாகவும் மசகாகவும் தொழிற்படுகின்றது.

இதனால் எரிபொருள் வடி இன்றியமையாத உறுப்பாயிற்று. தொடக்கத்தில் துணியும் கம்பளியும் வடியாகப் பயன்பட்டன. பின்னர் பிசினூட்டி மடித்த தாளாலான வடிகள் வந்தன. இலங்கையின் வாகனத் திருத்துநர்க்கு நன்கு அறிமுகமான சீ.ஏ.வீ. வடி இவ்வகையினது. அதன் அடியிலுள்ள கிண்ணத்தில் நீர் தங்கும். திருகைத் தளர்த்தி நீரை வெளியேற்றலாம். 1958 ஜனவரி முதலாம் நாள் பஸ் சேவை தேசியமயமாக்கப்பட்டபோது, வீதிகளில் ஓடிய லேலண்ட் பஸ்களின் உயிர்நாடி இத்தகைய வடிகளிலேயே தங்கியிருந்தது. லண்டன் நகரில் ஓடி ஓய்ந்து இலங்கைக்கு வந்த இரட்டைத்தட்டு பஸ்களுக்கும் இது பொருந்தும்.

தடைக்காலத்து யாழ்ப்பாணம்

தாவர எண்ணெய் இலங்கையில் டீசல் எஞ்சினுக்குள் புகுந்தது ஆய்வுகூடத்தின் வழியாகவன்று, இல்லாமையின் வழியாக. 1990 யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டதும் வடக்குக்கான பொருட்போக்குவரத்துத் தடைப்பட்டது. பெற்றோலும் டீசலும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. மின்சாரம் நின்றது. மட்டுப்படுத்தப்பட்ட அளவில் வந்த மண்ணெண்ணெயே விளக்குக்கும் நீரிறைக்கும் எஞ்சினுக்கும் வாகனத்துக்கும் பொதுவாயிற்று. ஜாம் போத்தலில் சிறு திரியிட்டு எரித்த விளக்கின் வெளிச்சத்தில் மாணவர் படித்த காலம் அது.

பெற்றோல் எஞ்சினைக் கொண்ட மோட்டார் வண்டிகளும் மோட்டார்ச் சைக்கிள்களும் சில துளி பெற்றோலால் உயிரூட்டப்பட்டு, சூடேறிய பின் மண்ணெண்ணெயில் ஓடின. தோட்டங்களில் நீரிறைத்த எஞ்சின்களைப் பெற்றோலில் தொடக்கி மண்ணெண்ணெயில் ஓட்டும் பழக்கம் குடாநாட்டுக் கமக்காரருக்கு முன்னரே இருந்தமையால் இது புதுமையாகத் தோன்றவில்லை. டீசல் வாகனங்களின் நிலை வேறு. மண்ணெண்ணெய் டீசல் எஞ்சினில் எரியும். ஆயின் அது மிக மெல்லியது, உராய்வைத் தணிக்கும் தன்மை குன்றியது. அதனை மட்டும் ஊற்றி ஓட்டினால் உட்செலுத்தற் பம்பி விரைவில் தேய்ந்துவிடும். எனவே மண்ணெண்ணெயுடன் தேங்காயெண்ணெய் முதலான தாவர எண்ணெய் கலக்கப்பட்டது. வாகனம் கடந்து சென்ற பின் வீதியில் பலகாரம் பொரித்த வாசனை நின்றது.

இக்கலவையின் பின்னே ஆழ்ந்த பொறியியல் அறிவு இருந்தமையைக் கருதுதல் வேண்டும். தனி எண்ணெய் பம்பிக்குத் தடித்தது. தனி மண்ணெண்ணெய் பம்பிக்கு மெல்லியது. ஒன்றன் குறையை மற்றொன்று நிறைத்தது. கந்தகம் நீக்கப்பட்ட டீசல் மேலைநாடுகளில் புழக்கத்துக்கு வந்தபோது அதன் மசகுத்தன்மை குறைந்தது கண்டு, 1 அல்லது 2 வீதம் பயோடீசல் கலந்தால் அக்குறை நீங்கும் என ஆய்வாளர் நிறுவினர். யாழ்ப்பாணத்துத் திருத்துநர் அதே முடிவைத் தேய்ந்த பம்பிகளைக் கண்டு தெரிந்துகொண்டனர்.

ஆயினும் இவ்வெற்றியை மிகைப்படுத்தலாகாது. புனலில் துணியிட்டு வடிப்பது தும்பையும் தூசியையும் தடுக்கும். பம்பியின் இடைவெளிக்கு ஊறு விளைக்கும் நுண்துகளைத் தடுக்காது. மாற்று வடிகளும் உதிரிப்பாகங்களும் கிடைத்தற்கரியன. பழைய வடியைக் கழுவி மீண்டும் பொருத்துவோர், வடியாத வடியையே பொருத்துகின்றனர். அக்கால எஞ்சின்கள் ஓடின என்பது உண்மை. ஓடியதற்கு எஞ்சினே விலையாகக் கொடுக்கப்பட்டது என்பதும் உண்மை. 2002 தொடக்கத்தில் தடைகள் நீங்கும் வரை இந்நிலை வன்னிப் பகுதியிலும் நீடித்தது.

பசிபிக் சமுத்திரத்தின் பூகன்வில் தீவிலும் இதே காலத்தில் இதே நிலை தோன்றியது. 1990 இல் பப்புவா நியூகினி அரசு அத்தீவை முற்றுகையிட்டபோது, தீவினர் தேங்காயைத் துருவிப் பாலெடுத்து, புளிக்கவைத்துப் பிரிந்த எண்ணெயைக் காய்ச்சி வடித்து, டீசல் வாகனங்களை ஓட்டினர். ஒருவரையொருவர் அறியாத இரு தீவுச் சமூகங்கள் ஒரே ஆண்டில் ஒரே எண்ணெயை நாடின. தென்னை இரண்டிடத்தும் இருந்தது. எண்ணெயைத் தெளிவிக்கும் அடுப்படி அறிவும் இரண்டிடத்தும் இருந்தது.

வடியிற் சிக்காத அழுக்கு

உலகின் பிற பகுதிகளில், 1973 இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னர் சவானின் முறை புத்துயிர் பெற்றது. தென்னாபிரிக்காவில் சூரியகாந்தி எண்ணெயும் ஒஸ்திரியாவில் கடுகினத்து எண்ணெயும் ஆராயப்பட்டன. காலப்போக்கில், உணவகங்கள் கழித்த எண்ணெயைச் சேகரித்துத் தம் வீட்டுக் கொட்டிலிலேயே பயோடீசல் செய்வோர் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெருகினர்.

அம்முறை சுருக்கமாக இவ்வாறு அமையும். பழைய எண்ணெயைச் சூடாக்கி உணவுத் துணிக்கைகளை வடித்து, நீரை ஆவியாக்க வேண்டும். எண்ணெயின் புளிப்பை அளந்து, அதற்கேற்ப எரிசோடாவின் அளவைக் கணித்து, எண்ணெயில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு மெதனோலில் அதனைக் கரைத்துச் சேர்க்க வேண்டும். 55 பாகை செல்சியசை அண்மிய வெப்பநிலையில் கலக்கியபின் அசையாது விட்டால், கனத்த கிளிசரீன் அடியிலும் எசுத்தர் மேலும் பிரிந்து நிற்கும். மேற்படையை நீரால் மும்முறை கழுவி உலர்த்தினால் எரிபொருள் கிடைக்கும். மெதனோல் நச்சுத்தன்மை உடையது, எளிதில் தீப்பற்றுவது. அதன் ஆவியைச் சுவாசித்தலும் தோலிற் படவிடுதலும் கண்பார்வைக்கும் உயிருக்கும் கேடு தரவல்லன. ஆதலின் இது அடுப்படியில் செய்யத்தக்க தொழிலன்று.

இங்கேதான் வடிகட்டலைப் பற்றிய பொதுவான தவறான எண்ணம் ஒன்று வெளிப்படுகின்றது. எரிபொருளை நுண்ணிய வடியொன்றன் ஊடாகச் செலுத்திவிட்டால் அது தூய்மையாகிவிடும் எனப் பலர் கருதுவர். வடி தடுப்பது திண்மத் துகளை மட்டுமே. கரைந்து நிற்கும் சவர்க்காரம், எஞ்சிய கிளிசரீன், தாக்கமுறாத மெதனோல், கரைந்த நீர் ஆகியன எத்துணை நுண்ணிய வடியையும் கடந்து செல்லும். அவை தொட்டியில் குளிர்ந்தும் நாட்பட்டும் பிரிந்து, பின்னர் வாகனத்தின் வடியில் கூழாகப் படியும். நீர் தங்கிய தொட்டியின் அடியில் நுண்ணுயிர்கள் பெருகிச் சளி போன்ற படலமாக மிதக்கும். கழுவலும் உலர்த்தலும் தெளியவைத்தலும் செய்ய வேண்டிய வேலையை வடியால் செய்ய இயலாது. வடி என்பது தூய்மையாக்கும் கருவியன்று. தூய்மையாக்கப்பட்டதைச் சரிபார்க்கும் காவலன் எனலே பொருந்தும்.

பழகிய கைகள் இதற்கு எளிய சோதனைகளைக் கண்டறிந்தன. சூடான தட்டில் ஒரு துளி எண்ணெயை விட்டால், நீர் இருப்பின் அது வெடித்துப் படபடக்கும். கடுகு தாளிக்கும் எவரும் இவ்வொலியை அறிவர். முடித்த எரிபொருளைக் கண்ணாடிப் போத்தலில் நிரப்பிப் பின்னே அச்சிட்ட தாளைப் பிடித்தால் எழுத்துத் தெளிவாகத் தெரிதல் வேண்டும்; மங்கலாயின் நீர் எஞ்சியுள்ளது. இச்சோதனைகளில் தேறியதையே இறுதியாக 5 மைக்கிரோன், 1 மைக்கிரோன் வடிகளினூடே செலுத்துவர்.

வாகனத்தினுள்ளும் ஓர் எதிர்பாராத விளைவு உண்டு. பயோடீசல் கரைக்கும் தன்மை மிக்கது. பல ஆண்டுகள் டீசலில் ஓடிய தொட்டியின் சுவரில் படிந்திருந்த பழைய கசட்டை அது கரைத்துக்கொண்டு வந்து வடியில் சேர்க்கும். புதிய எரிபொருளை ஊற்றிய சில நாளில் வண்டி திணறி நின்றால், பழி எரிபொருளின் மேல் விழும்; உண்மையில் அடைத்தது பழைய டீசலின் அழுக்கே. எனவே எரிபொருளை மாற்றுவோர் தொடக்கத்தில் வடியை அடிக்கடி மாற்றுதல் வேண்டும். இயற்கை இறப்பர்க் குழாய்களையும் செம்பு, பித்தளை உறுப்புகளையும் பயோடீசல் தாக்கும் என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

பெரு நிறுவனங்களும் இப்பாடத்தைக் கசப்புடன் கற்றன. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் 2005 செப்டம்பர் இறுதியில் எல்லா டீசலிலும் 2 வீதம் பயோடீசல் கலத்தல் வேண்டுமெனும் சட்டத்தை நடைமுறைப்படுத்தியது. அவ்வாண்டின் குளிர்காலத்தில் லொறிகளின் வடிகள் அடைபட்டன; டிசம்பரில் சட்டத்தின் செயற்பாடு தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. எரிபொருளில் எஞ்சியிருந்த கிளிசரீன் சேர்வைகளும் குளிரும் இதற்குக் காரணங்களாகக் காணப்பட்டன. குளிரவைத்து வடித்துப் பார்க்கும் சோதனையொன்று 2008 இல் அமெரிக்கத் தரநிருணயத்தில் இடம்பெற்றது. ஐரோப்பியத் தரநிருணயமோ ஒரு கிலோகிராம் எரிபொருளில் 24 மில்லிகிராமுக்கு மேல் அழுக்கும் 500 மில்லிகிராமுக்கு மேல் நீரும் இருத்தலாகாது என வரையறுத்தது.

நுண்மையின் விலை

எஞ்சினும் மேலும் நுண்மையுற்றது. பழைய எஞ்சின்கள் வளியமுக்கத்தின் 200 மடங்கை அண்மிய அமுக்கத்தில் எரிபொருளைத் தெளித்தன. 1997 இல் கார்களில் அறிமுகமான பொதுத்தண்டவாள முறை 1350 மடங்கு அமுக்கத்தைக் கொண்டிருந்தது. பின்னர் அது 2000 மடங்கையும் கடந்தது. புகை குறைந்தது, சிக்கனம் கூடியது. ஆயின் பழைய பம்பி பொறுத்துக்கொண்ட துகளைப் புதிய தெளிப்பான் பொறுப்பதில்லை. மண்ணெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கலந்து பழைய லொறியை ஓட்டிய திருத்துநரின் திறமை, இன்றைய எஞ்சினின் முன் கைகட்டி நிற்கின்றது. எரிபொருளைத் தூய்மையாக்கும் பணி தனியொருவரின் கொட்டிலிலிருந்து கூட்டுறவுக்கும் நகராட்சிக்கும் உரியதாக மாறியமைக்கு இதுவே காரணம்.

அம்மாற்றத்துக்கு ஒஸ்திரியாவின் கிராஸ் நகர் சிறந்த எடுத்துக்காட்டாகும். 1994 முதல் அந்நகரின் பஸ்கள் கழித்த சமையல் எண்ணெயிலிருந்து பெற்ற பயோடீசலில் ஓட்டிப் பார்க்கப்பட்டன. எண்ணெய் வீடுகளிலிருந்தும் உணவகங்களிலிருந்தும் சேகரிக்கப்பட்டு, மியூரெக் என்னும் சிற்றூரின் கமக்காரர் கூட்டுறவில் தூய்மையாக்கப்பட்டது. பிலிப்பைன்ஸ் நாடு தேங்காயெண்ணெய் எசுத்தரை 2007 இல் 1 வீதமாகவும் 2009 இல் 2 வீதமாகவும் டீசலில் கலக்கச் சட்டமியற்றியது. இந்தியாவில் உணவுப் பாதுகாப்பு அதிகார சபை 2018 இல் கழித்த சமையல் எண்ணெயைச் சேகரித்துப் பயோடீசலாக்கும் திட்டத்தைத் தொடங்கியது. மீண்டும் மீண்டும் காய்ச்சிய எண்ணெய் மக்களின் உணவிற் சேராது தடுத்தலும் அதன் நோக்கமாகும்.

இலங்கைக்கு உரிய படிப்பினை

இலங்கை தனக்கு வேண்டிய பெற்றோலியம் முழுவதையும் இறக்குமதி செய்கின்றது. 1969 இல் சப்புகஸ்கந்தைச் சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கிய பின்னரும் மசகெண்ணெய் கப்பலிலேயே வந்தது. அந்நியச் செலாவணி வற்றிய 2022 இல், யூன் 27 ஆம் நாள் முதல் இரு வாரங்கள் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் வழங்கப்படும் என அரசு அறிவித்தது. கிருலப்பனை உட்படக் கொழும்பின் வீதிகளில் வாகனங்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றன. பங்கீட்டு முறை 2023 செப்டம்பர் வரை நீடித்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன் வடக்கு அறிந்த வறுமையின் ஒரு சாயலை அன்று தலைநகரும் அறிந்தது.

இதற்கு மாற்றாகத் தேங்காயெண்ணெயை எரிக்கலாம் எனக் கூறுவது எளிது; அது அறமுமாகாது, சிக்கனமுமாகாது. ஏழையின் கறிச்சட்டியிலிருந்து எடுத்து வண்டியில் ஊற்றுவதற்கு ஒப்பானது அது. மேலும் தேங்காயெண்ணெய் 24 பாகை செல்சியசை அண்மிய வெப்பநிலையில் உறையத் தொடங்கும். கொழும்பில் நீராய் நிற்கும் எண்ணெய் நுவரெலியாவின் அதிகாலையில் வடியினுள் மெழுகாகும். ஆகவே எஞ்சுவது, ஏற்கெனவே உணவாகப் பயன்பட்டுக் கழிந்த எண்ணெய். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் கிருலப்பனையிலும் வடையும் ரோல்சும் பொரித்தெடுத்த எண்ணெய் வடிகானில் ஊற்றப்படின் கானை அடைத்துக் கால்வாயில் படலமாக மிதக்கும். மறுபடி காய்ச்சப்படின் உண்போர் உடலைக் கெடுக்கும். சேகரித்துத் தூய்மையாக்கப்படின் அதுவே எரிபொருள். நாட்டின் முழுத் தேவையையும் அது நிறைவு செய்யமாட்டாது, எனினும் சில பஸ்களையேனும் ஓட்டும், கால்வாயையும் காக்கும்.

முடிவாக, இவ்வரலாற்றில் பெயர் பெற்றோர் டீசலும் சவானும் போன்ற சிலரே. தடைக்காலத்தில் எந்த எண்ணெயை எவ்வளவு கலந்தால் பம்பி தாங்கும், எத்தனை நாள் தெளியவைத்தால் வடி அடைபடாது என்பவற்றைக் கையால் அறிந்த திருத்துநர் பலர். அவர்களது அறிவு பெரும்பாலும் ஏட்டில் ஏறவில்லை. அவர்களுள் பலர் முதுமையெய்தி வருகின்றனர். பொறியியல் பீடமும் வரலாற்றுத் துறையும் இணைந்து அவர்களது வாய்மொழியைப் பதிவு செய்தல் காலத்தின் தேவையாகும். எத்தகைய எரிபொருளும் தெளியவைப்பார் இல்லையேல் கசடே. அதனைத் தெளிவிக்கும் அறிவைப் பேணும் பொறுப்பு அடுத்த தலைமுறையைச் சார்ந்தது.